ஞாயிற்றுக்கிழமை பந்து யார் கையில்?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கும். ஒவ்வோர் அணிக்கும் 56 ஆட்டங்கள். மே இறுதியில் 64 அணிகளைத் தேர்ந்தெடுத்து தேசியப் போட்டி நடத்துவார்கள். அதில் எஞ்சும் எட்டு அணிகள் ஜூனில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகும். 1950 முதல் கடைசிக் கட்டம் அங்கேதான் நடக்கிறது. பருவத்துக்கு முந்தைய கணிப்புகளையும், அணிக்குள் இடம் பிடிக்க நடக்கும் போட்டியையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கேள்வி: 2025 பருவத்துக்கு முன் பல தரவரிசைகளில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்குத்தான் முதலிடம். அந்த அணி 64-க்குள்கூட வரவில்லை. கணிப்பு இவ்வளவு தூரம் பொய்க்குமா?
— வாசகர், திருச்சி

பதில்: பொய்த்தது. 30 வெற்றி, 26 தோல்வி என்று அந்த ஆண்டு முடிந்தது. முந்தைய ஆண்டு ஒமாஹா இறுதியில் டென்னசியிடம் தோற்று இரண்டாமிடம் பெற்ற அணி அது. இறுதி ஆட்டம் முடிந்த கையோடு தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல் டெக்சஸ் பல்கலைக்குப் போய்விட்டார். பேட்டிங் பயிற்சியாளராக இருந்த மைக்கேல் அர்லி தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஜேஸ் லாவியலெட் போன்ற பெரிய பேட்டர்கள் திரும்பி வந்ததால் கணிப்பாளர்கள் அணியை உச்சியில் வைத்தார்கள். ஆனால் வார இறுதியில் வீசுவார் என்று நம்பியிருந்த இடக்கை பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவர் முழங்கைச் சிகிச்சையால் பருவம் முழுக்க ஆடவில்லை. கேவின் கிரஹோவாக் தோள் காயத்தால் தொடக்கத்திலேயே விலகினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரவரிசை போடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எண்ண முடியும். போன ஆண்டு 20 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல வேலிக்கு அப்பால் போகும் அடி) அடித்தவர் திரும்பி வருகிறாரா என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஏழாம் இன்னிங்ஸில், ரன் எடுக்க இரண்டு பேர் பேஸில் (ஓடிச் சேர வேண்டிய மூலைகளில்) நிற்கும்போது பந்தை யாரிடம் கொடுப்பார்கள் என்பது பிப்ரவரியில் பயிற்சியாளருக்கே தெரியாது. கல்லூரி அணிகள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 2022-இல் மிசிசிப்பி பல்கலை (ஓல் மிஸ்) 64 அணிகளில் கடைசியாக உள்ளே நுழைந்து பட்டத்தையே வென்றது. அதே ஆண்டு, நடப்புச் சாம்பியனான மிசிசிப்பி மாநிலப் பல்கலை தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. இரண்டும் ஒரே மாநிலத்து அணிகள்.

கேள்வி: கிரிக்கெட் பார்த்துப் பழகிய எனக்கு இது புரியவில்லை. நன்றாக வீசும் ஒருவரை மூன்று நாளும் வீச வைத்தால் என்ன? "வெள்ளிக்கிழமை பிட்சர்", "ஞாயிறு பிட்சர்" என்றெல்லாம் பிரிப்பது ஏன்?
— வாசகர், மதுரை

பதில்: ஒரு தொடர் என்பது வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று ஆட்டங்கள். தொடக்க பிட்சர் ஒரு நாளில் 90 முதல் 110 பந்துகள் வீசுவார். ஒவ்வொன்றும் முழு விசையோடு வீசப்படுவது. அதன்பின் அந்தக் கைக்கு ஆறு நாள் இடைவெளி வேண்டும். எனவே முதல் தரமானவர் வெள்ளி, அடுத்தவர் சனி, மூன்றாமவர் ஞாயிறு என்று வைப்பார்கள். செவ்வாய் அல்லது புதனன்று வரும் ஒற்றை ஆட்டத்துக்கு நான்காமவர். ஏறக்குறைய எல்லாப் பெரிய அணிகளிடமும் நல்ல வெள்ளிக்கிழமை பிட்சர் இருப்பார். தொடர் 1-1 என்று நிற்கும்போது ஞாயிறு வீசுபவர்தான் அணிகளைப் பிரித்துக் காட்டுவார்.

2023-இல் லூசியானா மாநிலப் பல்கலை (எல்.எஸ்.யு.) இதற்கு நல்ல பாடம். அந்த அணியும் முன்கணிப்பில் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அது பட்டத்தை வென்று காட்டியது. முந்தைய ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேறிய அணியை, தலைமைப் பயிற்சியாளர் ஜே ஜான்சன் ஒரே கோடையில் மாற்றி அமைத்தார். விமானப்படை அகாடமியிலிருந்து பால் ஸ்கீன்ஸ், வட கரோலினா மாநிலப் பல்கலையிலிருந்து டாமி ஒயிட், யு.சி.எல்.ஏ.விலிருந்து தாட்சர் ஹர்ட் வந்தார்கள். மினசோட்டா ட்வின்ஸ் தொழில்முறை அணியில் பிட்சிங் பயிற்சியாளராக இருந்த வெஸ் ஜான்சனும் பருவ நடுவிலேயே அந்த வேலையை விட்டு வந்தார். டிலன் க்ரூஸ் ஏற்கெனவே மைய அவுட்ஃபீல்டில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை பற்றிக் கேள்வியே இல்லை. ஸ்கீன்ஸ் அந்த ஆண்டு 122⅔ இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்க) செய்தார். அது தென்கிழக்கு மாநாட்டின் சாதனை (மாநாடு என்பது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு). இரண்டாம் இடத்தில் டை ஃபிலாய்ட். மூன்றாம் இடத்தில்தான் வாராவாரம் தலைவலி. அந்த இடத்துக்கு வலுவான போட்டியாளராக இருந்த கிராண்ட் டெய்லர் பருவம் தொடங்கும் முன்பே முழங்கைத் தசைநார் கிழிந்து விலகினார். முதலாண்டு மாணவர் சேஸ் ஷோர்ஸ், புல்பென்னில் (இடையில் இறங்கும் மாற்று பிட்சர்கள் குழுவில்) நம்பிக்கை தந்த கேரட் எட்வர்ட்ஸ் இருவரும் நடுவழியில் அதே முழங்கைக் காயத்தால் போனார்கள். வீச மீதமிருந்தவர்களை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஞாயிறுகளை ஓட்டினார்கள்.

ஒமாஹாவில் அந்த மாற்றிப் போட்ட பழக்கம்தான் கைகொடுத்தது. தோற்றால் வெளியேற்றம் என்ற ஆட்டத்தில், வழக்கமாக இடையில் இறங்கும் இடக்கையர் நேட் ஆக்கன்ஹவுசனைத் தொடக்கத்தில் இறக்கினார்கள். டென்னசிக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் ரன் விடாமல் வீசினார். ஃபுளோரிடாவுடனான இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஃபிலாய்ட் 17 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, 11 இன்னிங்ஸில் 4-3 என வெற்றி. இரண்டாம் ஆட்டம் 4-24 என்று படுதோல்வி. மூன்றாவது, அதாவது ஞாயிறு பிட்சரின் வேலைக்குச் சமமான ஆட்டம். பருவம் முழுக்கத் தடுமாறிய ஹர்ட் அதில் ஆறு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். 18-4 என்று பட்டம் வந்தது. ஸ்கீன்ஸ் அந்த மூன்று ஆட்டங்களிலும் ஒரு பந்துகூட வீசவில்லை.

கேள்வி: 34 பேர் என்கிறார்கள், 11.7 உதவித்தொகை என்கிறார்கள். ஆளை எப்படி முக்கால் பங்காக வெட்டுவது?
— வாசகி, சேலம்

பதில்: ஆளை அல்ல, பணத்தை வெட்டினார்கள். நீண்ட காலம் என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) விதிப்படி முதல் பிரிவு அணி ஒன்று மொத்தம் 11.7 முழு உதவித்தொகை மட்டுமே தரலாம். அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பகிரலாம், ஒருவருக்குக் குறைந்தது 25 விழுக்காடு, பட்டியலில் 35 பேர். 11.7-ஐ 27-ஆல் வகுத்தால் சராசரியாக ஒருவருக்கு 43 விழுக்காடு. மீதியைக் குடும்பம் கட்ட வேண்டும். ஆகவே மாநில அரசு கல்விக் கட்டண உதவி தரும் இடங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பது அணிக்கு லாபம். லூசியானாவின் டாப்ஸ் திட்டம் அப்படிப்பட்டது.

2025 ஜூன் 6 அன்று கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கியது. பதிலாகப் பட்டியல் 34 பேர் என்று இறுகியது. பணமுள்ள கல்லூரி 34 பேருக்கும் முழுத்தொகை தரலாம். சமரசத்தில் சேராத கல்லூரிகள் பழைய கணக்கிலேயே நிற்கின்றன. இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது. 43 விழுக்காட்டுக் காலத்தில் சின்னக் கல்லூரி ஒன்று நல்ல பிட்சரைத் தக்கவைக்க முடிந்தது. இப்போது அவர் கல்லூரி மாற விரும்புவோர் பட்டியலில் பெயர் கொடுத்தால் ஒரே கோடையில் பெரிய கல்லூரி அவரை எடுத்துக்கொள்ளும்.

34 பேர் பொதுவாக இப்படிப் பிரிவார்கள்: பிட்சர்கள் 16 முதல் 18, கேட்சர்கள் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்கள்) 3, இன்ஃபீல்டுக்கு 6 அல்லது 7, அவுட்ஃபீல்டுக்கு 5 அல்லது 6. இரண்டு வேலையும் செய்பவர் ஒருவர் கிடைத்தால் ஓரிடம் மிச்சம். இந்தக் கணக்கும் ஆகஸ்ட் வரை உறுதியில்லை. ஜூலையில் தொழில்முறை அணிகள் வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு (டிராஃப்ட்) 20 சுற்றுகளாக நடக்கிறது. மூன்றாண்டு முடித்தவர்களும் 21 வயதானவர்களும் போய்விடலாம். சேருவதாகக் கையெழுத்திட்ட பள்ளி மாணவரும் கல்லூரி வாசலை மிதிக்காமலே போய்விடலாம். பயிற்சியாளர்கள் இதற்காகவே 34-ஐவிட அதிகப் பேரிடம் வாக்குக் கொடுத்து வைப்பார்கள். எல்லோரும் வந்துவிட்டால் யாரோ ஒரு பிள்ளைக்கு ஆகஸ்டில் இடமில்லாமல் போகும். ஒப்பந்தத்துக்கு முன் பெற்றோர் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: "இதே இடத்துக்கு இன்னும் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறீர்கள்?"

கேள்வி: என் மகன் டெக்சஸில் பள்ளி அணியில் கேட்சர். கல்லூரியில் மூன்று கேட்சர்களுக்குள் யார் முதலில் என்பதை எதை வைத்து முடிவு செய்வார்கள்? இலையுதிர்காலப் பயிற்சி ஆட்டங்களில் நன்றாக அடித்தால் போதுமா?
— வாசகி, ஹூஸ்டன்

பதில்: போதாது அம்மா. முதலில் அடிப்பதைப் பார்ப்போம். இலையுதிர்காலத்தில் 45 நாள் இடைவெளிக்குள் அணிப் பயிற்சி நடக்கும். அதில் ஒரு வீரருக்கு ஏறத்தாழ 50 முறை பேட்டிங் கிடைத்தால் அதிகம். 50-க்கு 14 ஹிட் என்றால் சராசரி .280. 17 ஹிட் என்றால் .340. நடுவில் இருப்பது மூன்றே ஹிட். அதில் ஒன்று ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) கையுறையில் பட்டுத் தெறித்ததாக இருக்கலாம். ஆகவே சராசரியைப் பார்த்து யாரும் இடம் கொடுப்பதில்லை. பந்து மட்டையைவிட்டுக் கிளம்பும் வேகம், ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தும் விகிதம், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் எத்தனை பந்து தாக்குப்பிடிக்கிறார் என்பவற்றைத்தான் ஏட்டில் குறிப்பார்கள்.

கேட்சருக்கு இதைவிடக் கடிகாரம் முக்கியம். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடி 3⅜ அங்குலம். பந்து கையுறையில் விழுந்த நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவர் கையுறையில் விழும்வரை 2.0 விநாடி என்றால் கல்லூரிக்கு நல்லது. 1.9 என்றால் மிகச் சிறப்பு. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து பிளேட்டுக்கு வர 1.3 விநாடி. இரண்டையும் கூட்டினால் 3.3. முதல் பேஸிலிருந்து இரண்டாம் பேஸைத் திருட ஓடும் நல்ல ஓட்டக்காரர் 3.4 விநாடியில் வந்து விழுவார். பத்தில் ஒரு விநாடிதான் கையிருப்பு. பிட்சர் 1.5 எடுத்துக்கொண்டால் எவ்வளவு நல்ல கேட்சராலும் ஆகாது. திருட்டு ஓட்டங்களுக்கு கேட்சரை மட்டும் குறை சொல்வது தவறு.

பயிற்சியில் பத்து எறிதல்களின் சராசரியை எடுங்கள், சிறந்த ஒன்றை அல்ல. நேரம் கூடினால் கையின் பலத்தைச் சந்தேகிக்கும் முன் பந்தை மாற்றிப் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிக் கேட்சர்கள் கையுறையை முன்னால் நீட்டியபடி பந்தை எடுக்கிறார்கள். கையுறை வலது காதருகே வந்து, அங்கே பந்து கைமாற வேண்டும். வலது கால் முன்பே சின்ன அடி வைத்திருக்க வேண்டும். காலை வைக்காமல் எறிந்தால் பந்து முதல் பேஸ் பக்கம் சாய்ந்து போகும்.

அடுத்தது மண்ணில் விழும் பந்தைத் தடுப்பது. மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது பிட்சர் துணிந்து கீழே விழும் வளைபந்தை வீசுவாரா என்பது கேட்சர்மேல் அவருக்கு உள்ள நம்பிக்கையைப் பொறுத்தது. அவர் தயங்கி பந்தை உயர்த்தி வீசினால் அது ஹோம் ரன். மூன்று கேட்சர்கள் போட்டியில் இருக்கும்போது பயிற்சியாளர் பிட்சர்களிடம் தனித்தனியாகக் கேட்கும் கேள்வி, "உனக்கு யார் பிடிக்க வேண்டும்?" என்பதுதான். 2023-இல் எல்.எஸ்.யு.வில் அலெக்ஸ் மிலாஸோ, ஹேடன் ட்ரவின்ஸ்கி, முதலாண்டு மாணவர் பிரேடி நீல் என மூவருமே அந்த இடத்தில் ஆடினார்கள். பிடிப்பவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர் என்று பங்கிடுவது வழக்கத்துக்கு மாறானதல்ல.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பேஸ்பாலில் ஒரே ஓர் ஆட்டத்தில் தலைகாட்டினாலும் கல்லூரிக்கு ஆடக் கிடைக்கும் ஆண்டுகளில் ஒன்று செலவாகிவிடும் என்பதே வழக்கமான விதி. மூன்றாம் கேட்சராக மார்ச்சில் இரண்டு இன்னிங்ஸ் ஆடுவதைவிட, அந்த ஆண்டு முழுக்க ஆடாமல் உடம்பையும் எறிதலையும் வளர்ப்பது சிலருக்கு நல்லது. முடிவை முதல் வாரத்துக்கு முன்பே பயிற்சியாளரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொடக்க வாரத்தில் நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பிட்சரை நான்காம் இன்னிங்ஸிலேயே எடுத்துவிடுகிறார்கள். வீண் பயமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பயம் சரியானது. முழு அணிப் பயிற்சி ஜனவரி இறுதியில் தொடங்குகிறது. முதல் ஆட்டம் பிப்ரவரி நடுவில். இடையில் மூன்றே வாரம். முதல் முறை பேட்டர்களுக்கு எதிராக ஓர் இன்னிங்ஸ், 15 முதல் 20 பந்து. அடுத்து இரண்டு இன்னிங்ஸ், 35 பந்து. பிறகு மூன்று இன்னிங்ஸ், 50 பந்து. வாரத்துக்குச் சுமார் 15 பந்து என்று ஏற்றுகிறார்கள். அந்தக் கணக்கில் தொடக்க வெள்ளியன்று 65 முதல் 75 பந்துதான் வரும். அதற்குமேல் போனால் தோள் களைக்கும், கூடுதல் பளு முழங்கையின் உட்பக்கத் தசைநாருக்குப் போகும். அது கிழிந்தால் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, திரும்பிவர 12 முதல் 18 மாதம்.

களைப்பின் அடையாளங்களைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். வேகம் மணிக்கு இரண்டு மைல் குறையும். பந்தை விடும் கை தாழும். வலக்கையரின் பந்து வலக்கை பேட்டரின் பக்கமாக உயரே தப்பிப் போகும். இரண்டு பந்துகளுக்கு நடுவே, தான் நின்று வீசும் மேட்டைச் சுற்றி நடப்பார்.

இதனால் இன்னொரு கணக்கு பிறக்கிறது. மூன்று ஆட்டத்துக்கு 27 இன்னிங்ஸ். தொடக்க பிட்சர்கள் 5, 4, 4 என்று 13 வீசினால், மீதி 14 இன்னிங்ஸை புல்பென்தான் சுமக்க வேண்டும். செவ்வாய் ஆட்டம் தனி. எனவே பருவத்துக்கு முந்தைய போட்டியில் உண்மையான தேர்வு வெள்ளிக்கிழமைக்காரருக்கு இல்லை. ஏழாவது முதல் பத்தாவது வரை உள்ள பிட்சர்களுக்குத்தான். அவர்களிடம் 95 மைல் வேகத்தைவிட, முதல் பந்தை ஸ்ட்ரைக்காகப் போடும் பழக்கம் பெரிது. நூறு பந்தில் 62-க்குக் குறைவாக ஸ்ட்ரைக் வீசுபவரை நெருக்கடியில் இறக்கினால், நான்கு தவறான பந்துக்கு பேட்டர் சும்மா முதல் பேஸுக்கு நடப்பார். அடுத்தவரும் நடப்பார். பின்னால் வருபவர் ஒரே ஹோம் ரன்னில் தன்னோடு சேர்த்து மூவரையும் ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவருவார்.

கேள்வி: வட மாநில அணிகள் முதல் மாதம் சொந்த ஊரில் ஆடுவதே இல்லையே?
— வாசகர், வேலூர்

பதில்: பனி. மிச்சிகன் போன்ற அணிகள் நான்கு வாரம் தெற்கே பயணத்திலேயே இருக்கும். அதற்கு ஈடாக, ஆர்.பி.ஐ. என்ற தரக்குறியீட்டுக் கணக்கில் 2013 முதல் வெளியூர் வெற்றியை 1.3 ஆகவும் சொந்த மைதான வெற்றியை 0.7 ஆகவும் எண்ணும் முறை வந்தது. மிச்சிகன் 2019-இல் ஒமாஹா இறுதிவரை போனது.

கேள்வி: குமார் ராக்கர் என்ற பெயரைப் பார்த்தேன். இந்தியரா?
— வாசகர், கோவை

பதில்: அமெரிக்கர். தாய்வழியில் இந்திய வம்சாவளி. தந்தை டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பெயர் பெற்றவர். வாண்டர்பில்ட் பல்கலையில் முதலாண்டு மாணவராக இருந்தபோது, 2019 ஜூன் 8 அன்று டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். முந்தைய நாள் வாண்டர்பில்ட் 5-18 என்று தோற்றிருந்தது. அன்றும் தோற்றிருந்தால் பருவம் முடிந்திருக்கும். வாண்டர்பில்ட் அந்த ஆண்டு மிச்சிகனை வென்று பட்டம் பெற்றது. ராக்கர் ஒமாஹாவின் சிறந்த வீரராகத் தேர்வானார். முதல் ஆட்டத்தில் தோற்ற பிறகு இரண்டாம் நாள் பந்து எடுக்க ஆள் இருப்பதன் மதிப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: ஓர் அணியை மட்டும் இந்த ஆண்டு தொடர்ந்து கவனிக்க நினைக்கிறேன். எதைக் குறித்து வைப்பது?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: ஒரு நோட்டில் நான்கு வாரத்துக்கு மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை தொடக்க பிட்சர் யார், எத்தனை இன்னிங்ஸ் நின்றார்? நான்கு வாரமும் ஒரே பெயர் வந்தால் நல்ல அறிகுறி. நான்கு பெயர் வந்தால் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து, புல்பென்னிலிருந்து வருபவர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைச் சும்மா நடக்க விடுகிறார்கள்? நான்குக்குக் கீழே இருந்தால் நிம்மதி, ஐந்தைத் தாண்டினால் ஏப்ரலில் அடி விழும். மூன்றாவதாக, ஷார்ட்ஸ்டாப்பும் மைய அவுட்ஃபீல்டரும் மாறுகிறார்களா? இந்த இரண்டிடமும் மார்ச்சிலும் மாறிக்கொண்டிருந்தால் குளிர்காலப் போட்டி முடியவில்லை என்று பொருள்.

வெற்றி எண்ணிக்கையை இந்த நான்கு வாரத்தில் பொருட்படுத்தாதீர்கள். பெரிய அணிகள் பலவீனமான எதிரிகளோடு சொந்த மைதானத்தில் ஆடி 15-1 என்று நிற்கும். மார்ச் நடுவில் மாநாட்டு ஆட்டங்கள் தொடங்கும்போது உங்கள் நோட்டை எடுத்து, ஞாயிறுகளின் பக்கத்தை மட்டும் திரும்பப் படியுங்கள்.